அதேவா, அதே மாதிரியா?

புதிதாகச் செய்து வாங்கி வந்த வெள்ளி வீட்டின் கூரையில் பல் தடம் இருந்தது.

பெரியவள் அதை முதலில் கீறல் என்றுதான் நினைத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு; கைப்பையில் எப்போதும் கண்ணில் இடுக்கிப் பார்க்கிற ஒரு பூதக்கண்ணாடி கிடக்கும். செருப்பைக்கூடக் கழற்றாமல், சமையலறை ஜன்னலில் மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சத்தில் அதை வைத்துப் பார்த்தாள். விரல் நகத்தில் பாதி அளவு வீடு, திறந்து மூடுகிற கதவு, சாய்வான கூரை, கூரையின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். அந்தப் பள்ளங்களை அவளுக்குத் தெரியும். பல் முளைக்கிற ஊறலில் குட்டி கடித்த கடி. ஆனால் குட்டி கடித்தது சின்னவளுடைய வீட்டை. இது இன்று மதியம்தான் பட்டறையிலிருந்து வந்தது.

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள், அவளுடைய ஓரகத்தியைச் சின்னவள் என்பார்கள். அண்ணனைக் கட்டியவள் கீழே, தம்பியைக் கட்டியவள் மாடியில். வாசல் ஒன்று, மாடிப்படி ஒன்று, அந்தப் படியில் நாள் பூராவும் ஏறி இறங்குகிற குழந்தை ஒன்று. குழந்தை சின்னவளுடையது. குட்டி என்று கூப்பிடுவார்கள், ஐந்தரை வயது. கீழே குழந்தை இல்லை. பத்து வருஷமாக இல்லை. இதற்கு மேல் அதைப் பேச ஒன்றுமில்லை என்று பெரியவளின் கணவன் எப்போதோ சொல்லி முடித்துவிட்டான். அவனுக்கு எல்லா விஷயத்திலும் அப்படி ஒரு முடிவு சுலபமாகக் கிடைத்துவிடும்.

தொங்கல் சேர்க்க ஆரம்பித்தது பெரியவள்தான். இதை ஊரே மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள். பிரேஸ்லெட்டில் வரிசையாக மாட்டிக்கொள்கிற குட்டிக் குட்டி உருவங்கள். பெரிய கடைகளில் சார்ம் என்று கேட்டால் தட்டோடு எடுத்து வைப்பார்கள். ஆமை, சாவி, குடை, மூடி திறக்கும் பெட்டி. பழைய வெள்ளி விற்கிற கடைகளில் மணிக்கணக்காகக் குனிந்து நின்று, கழுத்து கடுக்கக் கடுக்கப் பொறுக்கிச் சேர்த்தது இருபத்து மூன்று. இருபத்து மூன்றையும் அவளேதான் வாங்கிக்கொண்டாள். கணவனிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? உனக்குப் பிடிச்சதை நீயே பாத்து வாங்கிக்கோ" என்றான், ஏதோ பெரிய சுதந்திரம் கொடுக்கிறவன் போல.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ அக்கா, எவ்ளோ அழகா இருக்கு!" என்று வாயைப் பிளந்தாள். கொழுந்தன் காதில் விழுந்தது. அவ்வளவுதான். அடுத்த மாதமே அவளுக்கும் ஒரு பிரேஸ்லெட். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மாடி கட்டி முடித்ததற்கு வெள்ளி வீடு. அவள் நன்றாகப் பாடுவாள் என்பதற்கு வெள்ளிக் குருவி. குட்டி பிறந்ததற்கு ஒரு பெண் குழந்தை உருவம், தங்கத்தில்; தட்டையாக இருக்கும், முகம் கிடையாது, பின்பக்கம் பிறந்த தேதி. ஒன்றைக்கூடச் சின்னவள் வாங்கவில்லை. கேட்கக்கூட இல்லை. பெரியவளுக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான். கேட்டு வாங்கியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"எனக்கென்ன பொறாமை" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லிக்கொண்டே போய்த்தான் பட்டறைக்காரர் முன்னால் நின்றாள்.

அவள் வேலை செய்கிற கடைக்குப் பின்னால் ஒரு சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் கடைசிக் கதவு. உள்ளே பகலிலும் ஒரு குழல் விளக்கு, ஊதுகுழலின் முனையில் சீறிக்கொண்டிருக்கும் நீல நெருப்பு, வெண்காரம் வேகிற வாடை, அதற்கும் அடியில், நகைப் பட்டறையில் இருக்கவே கூடாத ஒரு வாடை, குழந்தை தூங்கி எழுந்த தலையணையின் வெதுவெதுப்பு போல. பட்டறைக்காரர் வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டைத்தான் பார்ப்பார்.

"ஒரு வீடு வேணும். எங்க ஓரகத்தி கையில இருக்கு, அதே" என்றாள்.

"அதேவா, அதே மாதிரியா?"

இதென்ன கேள்வி? துணிக்கடையில் பக்கத்தில் நிற்கிறவளைக் காட்டி "அதே குடுங்க" என்றால், கடைக்காரன் அவள் உடுத்தியிருப்பதையா உருவிக் கொடுத்துவிடுகிறான்? பேச்சு வழக்கு அது, யாருக்கும் புரியும். ஆனால் 'மாதிரி' என்ற அந்தச் சொல் அன்றைக்கு அவளுக்குக் கசந்தது. தாய் மாதிரி, சொந்தப் பிள்ளை மாதிரி, ரெண்டு பேரும் ஒண்ணு மாதிரி. போதும் போதும் என்று ஆகியிருந்தது.

"மாதிரியெல்லாம் வேணாம். அதேதான் வேணும்."

"அப்ப அச்சு எடுக்க வேண்டியதில்ல" என்றார் அவர், சீட்டில் எழுதிக்கொண்டே. "இப்ப எந்தக் கையில இருக்கு?"

"இடது கை."

அதையும் எழுதிக்கொண்டார். பெரியவள் அப்போது சிரித்தாள். இப்போது சமையலறை ஜன்னலோரம் சிரிப்பு வரவில்லை. மாடியில் மேசை இழுபடும் சத்தம் கேட்டது, அலமாரி திறந்து மூடும் சத்தம், பாயை உதறும் சத்தம். பிறகு படியில் காலடி.

"அக்கா, என் வீட்ட எங்கயாவது பாத்தீங்களா?" சின்னவள் வெறுங்கொக்கியைக் காட்டினாள். "காலைல இருந்துச்சு."

"வீட்டையே தொலச்சிட்டு வந்து நிக்கறியே! ஜாக்கிரதடி, அடுத்தது புருஷனத் தொலைக்கப் போற."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியவளின் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அங்கே மணிக்கட்டில், ஒரு குட்டிக் கதவு தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது. டிக். சின்னவளுக்குக் கேட்கவில்லை.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு தித்திப்பும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். முழுக்கை ரவிக்கையாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். ராத்திரி படுத்ததும் வெள்ளி வீட்டின் கதவை நகத்தால் திறந்து திறந்து மூடினாள்.

அந்தத் தித்திப்பு இரண்டே நாள். மூன்றாம் நாள் கொழுந்தன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான்: "போனா போகுது அண்ணி, அதைவிடப் பெருசா வாங்கியாச்சு. இது ரெண்டு மாடி!" சின்னவள் கையை ஆட்டிக் காட்டினாள். புத்தம்புது வெள்ளி, கண்ணைப் பறித்தது. "நல்லா இருக்கு" என்றாள் பெரியவள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சந்தின் கடைசிக் கதவைத் தள்ளினாள்.

"பொம்மைய எடுத்து என்ன புண்ணியம்?" என்றாள். நாக்கு அவளைக் கேட்காமலேயே பேசியது. "அவளுக்கு உடனே வேற வந்துடுது. பொம்மை எதுக்காகவோ, அது வேணும். அவ கையில ஒரு குருவி இருக்கு."

பட்டறைக்காரர் அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "விஷயத்த எடுத்தா பொருள் அங்கயே கெடக்கும். பரவாயில்லயா?"

"கெடக்கட்டும்."

"அதேவா, அதே மாதிரியா?"

"அதே."

குருவி வந்த அன்று சாயங்காலம் மாடியில் பாட்டு இல்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சின்னவள் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு ஏதாவது பாடுவாள். கீழே பாத்திரம் தேய்த்தபடி பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். அன்று குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பிறகு சின்னவள் இறங்கி வந்தாள். அவள் கையில் குருவி அப்படியேதான் தொங்கியது. வாயைத் திறந்தாள், காய்ந்த இலையை மிதித்தது போல ஒரு சத்தம் வந்தது.

"தொண்ட கட்டிக்கிச்சுக்கா. காத்துதான் வருது."

"சுடுதண்ணி குடி" என்றாள் பெரியவள்.

தொண்டை சரியாகவே இல்லை. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பெரியவள் குளிக்கப் போகும்போது பிரேஸ்லெட்டைக் கழற்றித் துணிகளுக்கு நடுவே புதைத்து வைப்பாள். அலமாரிக்குள்ளிருந்து மெல்லிசாக, மூக்கால் முனகுவது போல, ஒரு தாலாட்டு வரும். முதல் நாள் கதவை இறுக்கிச் சாத்திவிட்டு நகர்ந்தாள். இரண்டாம் நாள் அலமாரிக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். நிறுத்தியிருக்கலாம். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்தான். அடுத்த வாரம் குட்டி ஒரு படம் வரைந்துகொண்டு வராமல் இருந்திருந்தால்.

பள்ளியில் 'என் வீடு' வரையச் சொல்லியிருந்தார்கள். மாடி இருந்தது. அம்மா, அப்பா, நடுவில் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு குட்டி. மொட்டைமாடியில் காகம்கூட இருந்தது.

"பெரிம்மா எங்கடி செல்லம்?"

குட்டி தாளின் அடி விளிம்பைத் தடவிக் காட்டினாள். "நீ இதுக்குக் கீழ இருக்க. தாள்ல எடம் இல்ல பெரிம்மா."

தினமும் தலை பின்னிவிடுகிறவள் யார்? காய்ச்சல் வந்தபோது விடிய விடிய தோளில் போட்டு நடந்தவள் யார்? காகத்துக்கு இடம் இருக்கிறது. பெரியவள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்து, அழகு என்று சொல்லி, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது உள்ளே கல்லாக ஒன்று நின்றது.

"அவ கையில ஒரு தங்கக் குட்டி இருக்கு" என்றாள் பட்டறைக்காரரிடம்.

"பொருளா?"

ஊதுகுழல் சீறிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதேவா, அதே மாதிரியா?"

மாதிரி என்று சொன்னால் போதும். மூன்றே எழுத்து. அச்செடுத்து, உருக்கி, ஊற்றி, மினுமினுவென்று ஒரு தங்கப் பொம்மை கொடுப்பார், வாங்கி மாட்டிக்கொண்டு போகலாம். அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை தெரியாது என்று சொல்லிக்கொள்ளவே முடியாது.

"அதே."

"தங்கம், நாலு நாள் ஆகும். கைச்சங்கிலிய விட்டுட்டுப் போங்க, மாட்டி, வளையத்தப் பத்த வச்சுத் தரேன். பத்த வச்சுட்டா அப்புறம் கழட்ட வராது."

முதல் நாள் குட்டி படியில் ஓடி இறங்கினாள், சத்தமே இல்லை. வழக்கமாகப் படிகள் அதிரும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பியபோது குழந்தை ஏற்கனவே பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தூக்கி வாரிப்போட்டது.

இரண்டாம் நாள் குட்டிக்கு முன்பல் விழுந்தது. ஓட்டைப் பல்லைக் காட்டச் சிரித்துக்கொண்டே வந்து மடியில் உட்கார்ந்தாள். பெரியவளின் தொடையில் ஒன்றுமே உட்காராதது போல இருந்தது. துணி மட்டும் கசங்கியது. குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். எண்ணெய் வாசனை இல்லை, வியர்வை இல்லை. வெண்காரம். சுட்ட உலோகம்.

மூன்றாம் நாள் சின்னவள் வந்து, இருக்கிற கொஞ்சக் குரலையும் பிழிந்து சொன்னாள். "குட்டி ஒரு மாதிரியா இருக்காக்கா. நல்லா சாப்பிடறா, வெளயாடறா. ஆனா ராத்திரி பக்கத்துல படுத்தா, அந்தப் பக்கம் சில்லுனு இருக்கு. எனக்கு என்னமோ பயமா இருக்கு." அவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட சொன்னாத்தான் எனக்கு மனசு லேசாகுது."

பெரியவளுக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்குள் குட்டி உள்ளே வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் பக்கத்திலேயே நிற்க, நேராக அம்மாவிடம். பெரியவள் கையை விடுவித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

நாலாம் நாள் காலையில் தலை பின்ன உட்கார்ந்தாள் குட்டி. மயிர் விரலில் சிக்காமல் வழுக்கியது, கம்பி போல. பின்னி முடித்து, முகத்தைத் திருப்பி, பொட்டு வைக்கக் குனிந்தாள். குழந்தையின் கன்னத்தில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலின் கம்பிகள் தெரிந்தன. வளைந்து, குட்டியாக, அவளுடைய முகமே தெரிந்தது.

பொட்டை வைக்காமலே கையை இழுத்துக்கொண்டாள்.

"போயிட்டு வரேன் பெரிம்மா" என்று பள்ளிக்கூட வண்டியில் ஏறினாள் குட்டி. கை ஆட்டினாள். வெயில் பட்டு அந்தக் கை பளீரென்று மின்னியது.

பெரியவளால் அன்று ஒரு லென்ஸைக்கூட நேராகப் பொருத்த முடியவில்லை. பதினோரு மணிக்கு எழுந்தாள். சந்து. சுவர் தோளில் உரசியது. கடைசிக் கதவு.

"மாதிரி போதும்" என்று உள்ளே நுழையும்போதே கத்தினாள். "மாதிரி போதும்ங்க. நான் தப்பா சொல்லிட்டேன். மாதிரிதான் வேணும்."

ஊதுகுழல் அணைந்திருந்தது. இத்தனை நாளில் அது அணைந்து அவள் பார்த்ததே இல்லை. பட்டறைக்காரர் பிரேஸ்லெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் பத்த வச்சேன். இன்னும் சூடு ஆறல."

"வெட்டுங்க. வளையத்த வெட்டி எடுங்க!"

"வெட்டலாம்." அவர் பிரேஸ்லெட்டையும் கத்தரியையும் அவள் பக்கம் தள்ளினார். "எங்க வெட்டணும்னு நீங்களே பாத்து வெட்டுங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தாள். அது இரண்டு தடவை நழுவியது. கண்ணில் இடுக்கினாள்.

தட்டையாக இல்லை. முகம் இருந்தது. இரட்டைப் பின்னல். காலையில் அவள் பின்னிய பின்னல், இடது பக்கம் கொஞ்சம் உயர்ந்து. திறந்த வாய். மேல் வரிசையில் ஒரு ஓட்டை. குழந்தை ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கியிருந்தாள், யாரோ பிடித்துத் தூக்கும்போது தூக்குவது போல. வளையம் அந்தக் கையைச் சுற்றி இல்லை. அந்தக் கையேதான் வளையமாக முடிந்திருந்தது. வெட்டினால் மணிக்கட்டில் வெட்ட வேண்டும்.

கத்தரி தரையில் விழுந்தது.

கைப்பேசி அடித்தது. சின்னவள். குரல் இல்லை, மூச்சு மட்டும், மூச்சுக்குள் உடைந்த சொற்கள். "அக்கா... ஸ்கூல்ல இருந்து... குட்டி கிளாஸ்ல இல்லயாம்... உங்ககூட வந்தாளா?"

"இல்லயே" என்றாள் பெரியவள்.

எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று தெரியாது. வெயில். வாகனங்கள். கைப்பிடிக்குள் பிரேஸ்லெட். அது ஆறவே இல்லை. வாசலில் கூட்டம், கணவன் யாருடனோ போனில், கொழுந்தன் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் திரும்புகிறான். நடுத்தெருவில் சின்னவள் நின்றாள், வாயைப் பிளந்து, கழுத்து நரம்பு புடைக்க, குட்டியின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு. சத்தம் வரவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஒரு தாய் தெருவில் நின்று அலறுகிறாள், இலை விழுகிற சத்தம்கூட இல்லை.

பெரியவள் அவளைத் தாண்டி உள்ளே ஓடினாள். குளியலறை. தாழ்ப்பாள். ஈரத் தரையில் உட்கார்ந்தாள். கையை விரித்தாள்.

தங்கத்தின் வயிறு ஏறி இறங்கியது.

"குட்டி" என்றாள்.

கண்கள் திறந்தன. கடுகளவு கண்கள். அங்குமிங்கும் பார்த்தன.

"குட்டி. செல்லம். பெரிம்மாடி."

"அம்மா" என்றது அது. கொசு ரீங்காரம் அளவு. "அம்மா. அம்மா."

கதவு தட்டப்பட்டது. குரல் இல்லாமல், உள்ளங்கையால், பட் பட் என்று. சின்னவள்தான். வேறு யாரும் பேசாமல் கதவைத் தட்டமாட்டார்கள். கதவுக்குக் கீழே இடுக்கில் அவளுடைய கால் விரல்கள் தெரிந்தன.

எழுந்து தாழ்ப்பாளைத் திற. கையில் கொடு. காலில் விழு. என்னவாவது செய். இரண்டு எட்டு தூரம்.

"பெரிம்மா சொல்லு" என்றாள், பிரேஸ்லெட்டின் மேல் குனிந்து. கண்ணீர் அதன் மேல் சொட்டி சுர் என்றது. "ஒரு தடவ. ஒரே ஒரு தடவ பெரிம்மா சொல்லு, திறந்துடறேன்."

"அம்மா!"

பட். பட். பட்.

"இங்க அம்மா இல்ல. இங்க பெரிம்மாதான் இருக்கேன்."

"அம்மா! அம்மா!"

வெளியே தட்டுகிற கை சட்டென்று நின்றது. கதவின் மறுபக்கம் ஒரு காது மரத்தில் வந்து ஒட்டுகிற சத்தம் கேட்டது.

பெரியவள் கட்டைவிரலை அந்தக் கடுகளவு வாயின் மேல் வைத்தாள். அழுத்தினாள். விரலுக்கு அடியில் மூச்சு சுட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.